முனியப்பன் நெஞ்சில் மிதித்த நாள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மாதையன் பேச எழுந்தால் சின்னபொண்ணுவுக்கு அங்கே உட்கார முடியாது. டீ போடப் போகிறேன் என்று எழுந்து பின்கட்டுக்கு வந்துவிடுவாள். அங்கே வந்தும் பயனில்லை. ஏரியூரில் கூட்டம் நடக்கும் அந்தப் பழைய நெசவு சொசைட்டிக் கட்டடத்துக்கு நடுச்சுவர் பாதி உயரம்தான். பால் பொங்குகிற சத்தத்துக்கு மேலே அவன் குரல் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

"அதுக்கு முந்தி எவ்வளவோ குடிச்சிருக்கறங்க. ஒண்ணும் ஆனதில்ல. அன்னிக்கி ரெண்டு வாய்தான் உள்ள போச்சி. மூஞ்சி பத்திக்கிச்சி. நெஞ்சு தப்பு அடிக்கற மாதிரி அடிக்குது. கண்ணு இருட்டுது. பாத்தா முனியப்பன் என் நெஞ்சு மேல கால வெச்சி நிக்கறாரு. இனிமே தொட்டீனா மிதிச்சிருவன்னு சொன்னாருங்க. என் காதால கேட்டன்."

யாரும் இருமக்கூட மாட்டார்கள். குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களுமாகப் பத்திருபது ஆண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் கதவோரம். கூட்டத்தைத் தொடங்கிய இன்னாசி, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரே ஒரு காலத்தில் வேலை பறிபோகும் அளவுக்குக் குடித்து, பிறகு மீண்டவர். புதிதாக யார் வந்தாலும் மாதையனைத்தான் முதலில் பேசச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பெண்கள் சின்னபொண்ணுவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "நீ கும்புட்ட சாமி கைவிடல பாத்தியா" என்பார்கள். அவள் டீ டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள்.

முனியப்பன் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மாதையனின் நெஞ்சில் அன்று மிதித்தது அவள்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மாதையன் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்துத் தக்காளி லோடு அடிப்பவன். குடிக்காத நேரத்தில் நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும். குடிக்காத நேரம்தான் வர வரக் குறைந்துகொண்டே போயிற்று. அவள் அடி வாங்கினாள். ஒரு தடவை மணிக்கட்டு பிசகி, கட்டுப் போட்ட கையோடு அரிசி களைந்தாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் அவன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். எதற்கு வந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. சமையல்கட்டில் நின்று கத்தினான். அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த சாம்பார் அண்டாவை எட்டி உதைத்தான். கொதிக்கிற சாம்பார் வாசல்படி தாண்டி ஓடியது. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் கால்களைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடின. ஒருவருக்கும் படவில்லை. ஆனால் அந்தச் சிறிய கால்கள் துள்ளியதை நினைத்து நினைத்து அவள் தூக்கம் போயிற்று.

சேலத்தில் இருந்த ஒரு சொந்தக்காரி, குடியை நிறுத்தும் மாத்திரை என்று சொல்லி ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தாள். பொடி பண்ணி சோற்றில் கலந்துவிடு, ருசி தெரியாது, குடித்தால் வாந்தி வரும், வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்றாள். சின்னபொண்ணு காலையில் களி கிண்டி, கீரை கடைந்து, அந்தக் கீரையில் கலந்தாள். அவன் உருண்டையைத் தொட்டுத் தொட்டு விழுங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினான். போட்டாள்.

வாந்தியோடு நிற்கவில்லை. பிராந்திக் கடை வாசலிலேயே விழுந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னார்கள். முகமும் மார்பும் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து கிடந்தன, மூச்சு இழுத்தது. ஆம்புலன்சில் ஏற்றித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இளவயசு டாக்டரம்மா ஒருத்தி அவளிடம் கேட்டாள்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாராம்மா?"

"இல்லீங்க."

"தெரியாம யாராவது குடுத்திருப்பாங்களா? குடிய நிறுத்தற மாத்திரை, பொடி, அந்த மாதிரி?"

"இல்லீங்க."

இரண்டு தடவை இல்லீங்க. போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் சொன்னது என்று பிறகு தனக்குத்தானே சொல்லி வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அந்த நினைப்பைத் தோண்ட மாட்டாள்.

அவன் பிழைத்தான். மீதி மாத்திரைகளை அவள் ஆஸ்பத்திரிக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வீட்டுக்கு வந்ததும் முனியப்பனுக்கு மொட்டை போட்டான். செய்தி கேட்டு இன்னாசி வந்து கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. நல்ல நாள்கள் வந்தன. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயிருந்த மகள் லீவுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினாள். அவன் சாயங்காலம் வரும்போது பூ வாங்கி வந்தான். அதை வாங்கித் தலையில் வைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவளிடம் ஜெயபிரியா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவள் புருசன் சந்துரு லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவன். கூட்டத்துக்கு இரண்டு வாரம் வருவான், மூன்றாவது வாரம் கடையில் கிடப்பான். அன்று அவன் வரவில்லை. அவள் மட்டும் வந்திருந்தாள்.

"அக்கா, மாமா பேசனத கேட்டன். எங்க வூட்டுக்காரருக்கும் அந்த மாதிரி ஒரு தடவ சாமி மிதிச்சா தேவலாம்."

"வரும் வரும். கூட்டிட்டு வந்துட்டே இரு" என்றாள் சின்னபொண்ணு.

ஜெயபிரியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்ன பர்ஸை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மாத்திரை அட்டை.

"இத சோத்துல போட்டுக் குடுத்தா வுட்டுருவாங்களாம். எங்க பக்கத்து வூட்டக்கா வாங்கியாந்து குடுத்தாங்க. போடட்டுமாக்கா?"

அதே அட்டை. சின்னபொண்ணு கையிலிருந்த டம்ளரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"வேணாம்."

"ஏங்க்கா?"

"வேணாம்னா வேணாம். ஒடம்புக்கு ஆகாது."

"அடிக்கறானேக்கா. இந்தப் புள்ளய தூக்கி எறிய வரான். அத விடவா?"

அதற்குச் சின்னபொண்ணுவிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று புதியவன் ஒருவனின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்த மாதையனுக்கும் கேட்டுவிடும். "நான் சொல்றத கேளு, தூக்கிப் போட்டுரு" என்று மட்டும் சொன்னாள். ஜெயபிரியா பர்ஸை மூடி உள்ளே வைத்துக்கொண்டு தலையாட்டினாள். தூக்கிப் போடுகிறவளின் முகமாக அது இல்லை. தெரிந்தும் சின்னபொண்ணு அவளைப் போக விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது கரண்டி அவளுக்குக் கனத்தது. ஒவ்வொன்றாகத் தட்டை நீட்டின. இந்தக் கையை நம்பி நீட்டுகிறார்களே என்று தோன்றியதும் மேற்கொண்டு நிற்க முடியவில்லை. பாத்திரத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஜெயபிரியாவின் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

ஜெயபிரியா குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்னபொண்ணுவைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போட்டுட்டன்க்கா. காத்தால குழம்புல."

"எவ்வளவு?"

"சீக்கிரம் கேக்கட்டும்னு கூடவே போட்டன்."

சின்னபொண்ணு பையிலிருந்து போனை எடுத்தாள். "ஆளு எங்க?"

"ஏரியூருக்கு லோடுக்குப் போயிருக்குது. போன் வுட்டுட்டுப் போயிருச்சி. இந்நேரம் கூலி வாங்கியிருக்கும்."

கூலி வாங்கினால் நேராகக் கடைதான். இன்னாசிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏரியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டி போட்டுக்கொண்டு எப்போதும் நிற்கிறவன் மாதையன் ஒருவன்தான். அவனைக் கூப்பிடாமல் இருக்க என்ன வழி என்று ஒரு கணம் தேடினாள். அதை நினைத்துப் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டாள். ஒருவன் சாகக் கிடக்கும்போதும் தன் குட்டு வெளிப்படாமல் இருக்க வழி தேடினோமே என்று.

கூப்பிட்டாள்.

"ஏங்க, சந்துருவ பாத்தீங்களா? கடைக்குப் போயிருந்தா இழுத்துட்டு வாங்க. ஒரு சொட்டு குடிக்க விடாதீங்க."

"கூட்டத்துக்கே வரல அவன். இப்ப போய் இழுத்தா வருவானா? சாயங்காலம் இன்னாசி அண்ணன கூட்டிட்டுப் போய்ப் பேசறன்."

"இல்லீங்க, இப்பவே. அவன் சோத்துல மாத்திரை கலந்திருக்குது. குடிச்சா செத்துருவான்."

"யாரு சொன்னது? வாந்திதான வரும்னு சொல்வாங்க."

"மூஞ்சி செவக்கும். நெஞ்சு அடிச்சிக்கும். கண்ணு இருட்டும்." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உங்களுக்கு அன்னிக்கி ஆன மாதிரி."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது.

"நான்தாங்க" என்றாள். "கீரையில."

போன் துண்டிக்கப்பட்டது.

ஜெயபிரியா தூளிக் கயிற்றைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அப்ப மாமாவுக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். "அட்டைய எடுத்துக்க. கெளம்பு" என்றாள் சின்னபொண்ணு.

மாதையன் கடைக்குப் போனான். அதை அவன் பிறகும் சொல்லவில்லை. கடைக்கு எதிரே பழ வண்டி வைத்திருந்தவர் சொன்னார். சந்துரு ஏற்கெனவே கொஞ்சம் குடித்திருந்தான். முகம் சிவக்கத் தொடங்கியிருந்தது. மாதையன் அவன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, வேட்டி அவிழ அவிழத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் கிடத்தினானாம். அந்தக் கடைக்குள் அவன் கால் வைத்தது அந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அலமாரி முழுக்கப் பாட்டில் அடுக்கியிருந்த இடத்தில், பெண்டாட்டி சொன்ன அந்தச் சொல் காதில் ஓடிக்கொண்டிருக்க, அவன் எதையும் தொடாமல் எப்படித் திரும்பி வந்தான் என்பது சின்னபொண்ணுவுக்கு இப்போதும் புரிவதில்லை.

ஏரியூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெண்களும் போய்ச் சேர்ந்தபோது சந்துருவுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்பதற்குள் ஜெயபிரியா அட்டையை நீட்டினாள். "நான்தான் சார் குடுத்தன். இவருக்குத் தெரியாது." டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இந்த மாத்திரை குடிக்கிறவன் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டியது, இப்படிக் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும் என்று கடிந்துகொண்டார். இன்னும் பல நாளைக்கு ஒரு சொட்டுகூட ஆகாது என்றார். ஆனால் என்ன மாத்திரை என்று தெரிந்ததால் வேலை சுலபமாகிவிட்டது என்றும் சொன்னார். அது ஜெயபிரியாவிடம் சொன்னது. தைத்தது பின்னால் நின்றவளுக்கு.

மாதையன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இன்னாசி செய்தி கேட்டு வந்திருந்தார். கூட்டத்து ஆள்கள் இரண்டு மூன்று பேரும் வந்து, சந்துரு எழுந்தால் பெண்டாட்டியை அடிக்காமல் இருக்க யார் யார் கூட இருப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னபொண்ணு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்கி டாக்டரம்மா உன்னக் கேட்டாங்க" என்றான். "மாத்திரை குடுத்தியான்னு. எனக்குக் கண்ணுதான் தொறக்க முடியல. காது கேட்டுட்டுதான் இருந்துச்சி. நீ இல்லீங்கன்ன."

உள்ளே நர்ஸ் ஒருத்தி சந்துருவின் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றினாள்.

"சோத்துல வெச்சத கூட விடு. நான் பண்ணதுக்கு வேற எவளா இருந்தாலும் வெசமே வெச்சிருப்பா. டாக்டரு கேட்டப்ப ஏன் சொல்லல?"

"போலீசுன்னு பயந்துட்டங்க."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்; நம்ப வேண்டும் என்றுதான் அவன் குரல் கேட்டது. அவள் எதிர்ச்சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இத்தனை காலமும் தோண்டாமல் மூடி வைத்திருந்தது தானாக மேலே வந்துவிட்டது.

"இல்ல" என்றாள். "நான் சொல்லாம இருந்தா நீங்க போயிருவீங்க, எல்லாம் முடிஞ்சிரும்னு ஒரு நெனப்பு வந்துச்சி. ஒரு நிமிசம். அந்த நிமிசத்துல அவங்க கேட்டாங்க. இல்லீங்கன்னுட்டன். மறுக்கா கேட்டாங்க. சொன்னத மாத்த முடியல."

மாதையன் எழுந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தான். வண்டியைக்கூட எடுக்கவில்லை. அவள் பின்னால் ஓடி வாசல்வரை போனாள். திரும்பி வந்து இன்னாசியின் முன்னால் நின்றாள்.

"அண்ணா, அவரு போறாரு. கடைக்குத்தான் போவாரோ என்னமோ. என்னாலதான். எல்லாம் நான்தான் பண்ணன்."

இன்னாசி அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "கம்முனு உக்காரும்மா, நீ பின்னால போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவன் குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். இன்னாசி பத்தடி தள்ளி ஒன்றும் பேசாமல் கூடவே நடந்தார். கடைசியில் அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். அங்கேயே சில நாள்கள் இருந்தான். கூட்டத்து ஆள்கள் முறை வைத்துக்கொண்டு அவனோடு லோடுக்குப் போனார்கள். சந்துருவையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். சந்துரு வண்டியில் பேசிக்கொண்டே வந்தான்: என் பொண்டாட்டிய வுட மாட்டன், வுட மாட்டன் என்று. ஒரு நாள் மாதையன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, "என்ன பண்ணுவ? நாம பண்ணத நெனச்சிட்டு அப்புறம் பேசு" என்றானாம். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று ஜெயபிரியா வந்து சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சின்னபொண்ணு கூட்டத்துக்குப் போனாள். போகாமல் இருந்தால் என்ன என்று வீட்டுக்குள் நின்று யோசித்துவிட்டுத்தான் போனாள். புதியவர் ஒருவர் வந்திருந்தார். வழக்கப்படி எல்லோரும் மாதையனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

"முனியப்பன் வந்தாருன்னு சொல்லிட்டிருந்தன்" என்றான். "இனிமே அத சொல்லல. என்ன சொல்றதுன்னு தெரியல. குடிக்காம இருக்கறன், அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டான்.

பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. சின்னபொண்ணு கதவோரத்தில் எழுந்து நின்றாள். நடந்ததைச் சொன்னாள். களி, கீரை, இரண்டு தடவை இல்லீங்க. அந்த ஒரு நிமிசத்தையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாதையன் எழுந்து வெளியே போனான். அவள் நிறுத்தவில்லை. "உங்க வூட்டுல யாராச்சும் இத வெச்சிருந்தா குடுக்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி அவங்களுக்குத் தெரிஞ்சி குடுங்க" என்று முடித்தாள். கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தியும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான பெண் ஒருத்தி மட்டும் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமலே ஜன்னல் வழியாக வெளியே வீசினாள்.

மாதையன் அந்த வாரம் வீட்டுக்கு வந்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் ஆக்கியதை அவன் தொடவில்லை. தனி அடுப்பு வைத்தான். காலையில் எழுந்து தானே மாவு போட்டுக் களி கிண்டினான். துடுப்பைப் பிடிக்கத் தெரியாமல் பானை ஆடியது, கையைச் சுட்டுக்கொண்டான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். பானையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் எழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வடித்துக்கொண்டாள். மகள் போனில், அப்பா என்ன பண்றாரு என்று கேட்டால், "சாப்புடறாரு" என்பாள்.

அப்படியே மாசி போய்ப் பங்குனி வந்தது. ஞாயிறு தவறாமல் இருவரும் கூட்டத்துக்குப் போனார்கள். வண்டியில் முன்சீட்டில் பேசாமல் உட்கார்ந்து போனார்கள். பெண்களுக்கென்று தனியாக ஒரு பாய் விரித்து, அவர்களும் பேசட்டும் என்று இன்னாசி ஏற்பாடு செய்தார். சந்துரு ஒரு தடவை தவறினான், மறுபடி வந்தான்.

ஒரு நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாதையன் அடுப்படியிலிருந்து கூப்பிட்டான்.

"இந்தா. சாப்புட்டுப் போ."

தட்டில் ஒரு உருண்டை களி, பக்கத்தில் அவன் வைத்த கொள்ளுக் குழம்பு. அவள் உட்கார்ந்தாள். அவன் எதிரில் குந்தி, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். களி உள்ளே கட்டி கட்டியாக வேகாமல் மாவாக இருந்தது. குழம்பில் உப்பு இல்லை. அவள் ஒரு விள்ளலைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டு விழுங்கினாள்.

"எப்படி இருக்குது?" என்றான்.

"வேகலீங்க" என்றாள்.

அவன் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து ஊற்றினான். தட்டைக் காலி பண்ணும்வரை அவள் தலை நிமிரவில்லை.